ஒரு மில்லிமீட்டர்

ஆறு மணிக்குள் பாலாய்க்குத் திரும்பிவிட வேண்டும் துப்பாக்கி.
அதனால்தான் கான்ஸ்டபிள் சுல்கிஃப்லியும் கூடவே வந்து
பட்டறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்,
தொப்பியை முட்டியில் கவிழ்த்து
ஐஸ் கச்சாங் கரைவதற்குள் தின்றுகொண்டு.
ஊத்தான் மெலிந்தாங் சாலையில்
செம்பனைக் குலை லாரி கடக்கும்போதெல்லாம்
என் கடைசல் இயந்திரம் லேசாக இருமுகிறது.

ரஷ்யாவில் செய்த ஒற்றைக் குழல்.
உள்ளே குரோம் பூச்சு. நாற்பது வருஷ மழையில்
துரு ஒரு பொட்டுகூட வைக்கவில்லை.
விளக்கைப் பிடித்துப் பார்த்தால்
வளையத்துக்குள் வளையம், வளையத்துக்குள் வளையம்,
கடைசியில் சட்டென்று கழுத்து ஒடுங்குகிறது.

"சோக்கு கொஞ்சம் விரிச்சு விடு, தவமலர்."

சோக்கு என்றால் எங்கள் லைன் வீட்டுப் பக்கம் அழகு.
மாப்பிள்ளை சோக்கா இருக்கான் என்போம்.
இங்கே அது குரல்வளை நெரிப்பு.
உள்ளே பதினெட்டரை, வாயில் பதினேழரை.
அந்த ஒரு மில்லிமீட்டர்தான்
நாற்பது எட்டுக்கு அப்பாலும்
ரவையைச் சிதறவிடாமல் பிடித்துக்கொண்டு போகிறது.

"புதுக் கன்னுக்குள்ள பன்னி பத்தடியில நிக்குது.
பத்தடியில இது எலுமிச்சை அளவுதான் விரியுது.
தப்பிப் போயிடுது."
அருளப்பன் சொன்னது நியாயம்தான்.
வாலுக்கு இவ்வளவு என்று எஸ்டேட் கொடுக்கிறது.
மூன்று மாதமாக ஒரு வாலும் இல்லை.

ரீமரை எண்ணெயில் நனைத்து இறக்கினேன்.
வழுக்கியது.
இரண்டாம் சுற்றில் ஒரு கீச்சு,
மீன் செதில்போல ஒரு துகள் என் நகத்தில்.
ரீமரின் பல் ஒன்று மழுங்கிவிட்டது.
பரவாயில்லை, இழுப்பறையில் வைரத்தூள் கல் இருக்கிறது,
மில்லின் ஹைட்ராலிக் உருளைகளுக்கு வாங்கியது.
குரோமைத் தேய்த்து எடுத்துவிட்டால்
அடியில் உள்ள எஃகு வெண்ணெய்.
ஒரு மணி நேர வேலை.

"எவ்வளவு போயிருக்கு?" என்றார்.
டிஜிட்டல் காலிப்பரை நீட்டினேன்.
மூக்கில் இடிக்கும்வரை கொண்டுபோனார்.
"ம். சரிதான்."

திரை அணைந்திருந்தது.

சுல்கிஃப்லி கிண்ணத்தின் அடியில் கடலை தேடிக்கொண்டிருந்தான்.
நான் அருளப்பனின் கண்ணைப் பார்த்தேன்.
அங்கேயும் ஒரு பூச்சு, வெள்ளையாக.
பத்தடிக்கு அப்பால் அவருக்குப் பன்றியே இல்லை.

வாய் திறந்தால் இன்றைக்கே லைசென்ஸ் போகும்.
திறக்காமல் விரித்துக் கொடுத்தால்
விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
குலை வெட்டப் போகும் நேப்பாளத்துப் பையன்கள்,
மருந்தடிக்கப் போகும் என் நாத்தனார் ராக்கம்மா,
அவள் தூக்கு வாளியின் சத்தம்.

கல்லை இழுப்பறையிலேயே விட்டேன்.
"குரோம் விடலண்ணே.
வெட்டினா தோலா உரியும், குழலே போயிடும்."
பாதி பொய்.
மீதிப் பாதி இன்னும் என் நகத்தில் மின்னியது.

அவர் கொஞ்ச நேரம் குழலைத் தடவிக்கொண்டிருந்தார்,
விரல் நுனியை வாய்க்குள் விட்டு
அந்த ஒடுக்கத்தில் நிறுத்தி.
"இறுக்கமாவே இருக்கட்டும் அப்ப."
யாரிடம் சொன்னார், தெரியவில்லை.

காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
"ரீமர் பல்லு போச்சே. இந்தா, அம்பது."
நீல நோட்டு. ஒரு ரிங்கிட்.
சுல்கிஃப்லி எழுந்து தொப்பியை மாட்டுவதற்குள்
நாலாய் மடித்துச் சட்டைப் பையில் தள்ளிவிட்டு
"சரியா இருக்கு" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

சாக்கடைப் பலகையைக் காலால் தேடித் தேடிக் கடந்தார்.
துப்பாக்கி பின்னால் போனது, அவன் தோளில்.

திங்கட்கிழமை தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு
என் வண்டியிலேயே கூட்டிப் போகலாம், வருவாரென்றால்.
அதற்கு முன்னால் சனி இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது.
இறுக்கமான குழலும் சுடும் என்பது
ராத்திரி தட்டுக் கழுவும்போதுதான் உறைத்தது.